மார்லிஸ் ஓட்டுக் கேட்கிறாள்

"அப்ப கேட்டியா, இல்லியா?"

"பேசினேன். மழையப் பத்திப் பேசினோம். அவர் மகளுக்கு ரெட்டைக் குழந்தையாம்."

"ஓட்டு?"

"அதுக்குள்ள அவர் டீசல் போட்டு முடிச்சுட்டார்."

நான் வண்டியைக் கிளப்பினேன். பக்கத்து இருக்கையில் என் மனைவி மார்லிஸ், மடியில் துண்டறிக்கைக் கட்டுடன், அறுவடை முடிந்த சூரியகாந்தி வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் புறப்பட்டபோது கட்டு எவ்வளவு தடிமனோ, மாலையிலும் அவ்வளவே இருந்தது.

அவள் மாநில வேளாண் ஆணையர் பதவிக்கு நிற்கிறாள். அமெரிக்காவில், எங்கள் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஆளுநரைப் போலவே அந்தப் பதவிக்கும் மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். கிழக்கே ஆற்றங்கரையிலிருந்து மேற்கே எண்ணெய்க் கிணறுகள் வரை ஊர் ஊராகப் போய், தன் பெயரைச் சொல்லி, எனக்குப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். ஊர் ஊராகப் போவதில் அவளுக்குச் சலிப்பே இல்லை. கேட்பதுதான் வரவில்லை.

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. நார்வேயிலிருந்து வந்து இந்தப் புல்வெளியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். தனக்கென்று ஒன்றைக் கேட்பவனை எங்கள் வீடுகளில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். தட்டில் இருக்கும் கடைசித் துண்டு கேக்கை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். ஒருவர் அதைப் பாதியாக வெட்டுவார், அடுத்தவர் மிச்சத்தில் பாதியை வெட்டுவார். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீவல் கத்தியோடு ஒட்டிக் காய்ந்து கிடக்கும்.

ஆனால் இந்தப் பதவி மார்லிஸுக்கு விட்டுக்கொடுக்கிற கேக் இல்லை. வேளாண் துறையில் அவள் பல வருடம் ஆய்வாளராக இருந்தவள். ஒருவர் வயலில் அடிக்கும் களைக்கொல்லி காற்றோடு போய் அடுத்தவர் தோட்டத்தைக் கருக்கிவிட்டால், போய் நிற்பது அவள்தான். இலைகளைப் பையில் போட்டு எடுத்துவந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று விசாரித்து, தேனீக்கள் செத்துக் கிடக்கும் பெட்டியின் முன் ஒரு குடும்பம் அழும்போது கூட நின்றிருக்கிறாள். எதிர்த்து நிற்கும் கிளின்ட் வாஹல் அந்த ஆய்வுப் பிரிவையே மூடிவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்துச் சண்டையில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பது அவர் வாதம். மார்லிஸ் தோற்றால், கருகிய தோட்டத்தைப் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை. அதற்காகத்தான் நின்றாள்.

நின்றவள் செப்டம்பரில் ஒரு காரியம் செய்தாள். வானொலியில் அவளைப் பேட்டி எடுத்தார்கள். கிளின்ட் வாஹலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வேறு எந்த ஊர் வேட்பாளராக இருந்தாலும் அந்த இடத்தில் எதிராளியைக் கிழித்திருப்பார். இவளோ, அவர் நல்ல மனிதர், உழைப்பாளி, அவர் வந்தாலும் நன்றாகத்தான் செய்வார் என்றாள். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஒருவரைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன சொல்வது? மறு வாரமே அந்த வரிகள் அவள் குரலிலேயே வாஹலின் விளம்பரமாக வந்தன. பால் கறக்கும் நேரத்திலும் பண்டம் வாங்கும் நேரத்திலும் என் மனைவி மாநிலம் முழுக்க அவருக்கு ஓட்டுச் சேகரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து. சோப்புக்குப் போடும் காரம் கலந்த நீரில் ஊறிக் கூழாகிப்போன மீன் அது. வாசலிலேயே வாடை அடிக்கும். ஆனாலும் மூன்று மாவட்டத்துச் சனம் வரிசையில் நிற்கும். வாஹல் வந்திருந்தார். வரிசையின் முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து, உங்கள் ஓட்டு எனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டே போனார். எல்லோரும் கூச்சத்தில் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். மார்லிஸைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். பரவாயில்லை என்றாள் மார்லிஸ். எனக்கு மீனை அவர் தலையில் கொட்டலாமா என்றிருந்தது.

அவள் நேரே கீழ்த்தளச் சமையலறைக்குப் போய்விட்டாள். தட்டுக் கழுவுகிற இடத்தில் ஆர்டிஸ் இருந்தாள். பாடகர் குழுவில் மார்லிஸுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள், அவளுக்கு உயிர்த்தோழி. ஆர்டிஸின் ஆப்பிள் மரங்கள் ஒரு கோடையில் சுருண்டு கருகியபோது, பாதித் தூக்கத்தில் எழுந்து ஓடியவள் மார்லிஸ். நான் அழுக்குத் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தபோது இருவரும் மும்முரமாக லெஃப்ஸா ரொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் யார் சுட்டது தடியாகிவிட்டது என்பது விவகாரம்.

பேச்சோடு பேச்சாக ஆர்டிஸ் சொன்னாள்:

"செவ்வாய்க்கிழமை தேர்தல் முடிஞ்சதும் நீ நிம்மதியா இருக்கலாம்டி. நாங்க எல்லாம் வாஹலுக்கே போட்டுடறோம்."

மார்லிஸின் கையில் இருந்த துணி நின்றது. "என்ன?"

"பாடற கூட்டத்துல எல்லாருமே. நீதான ரேடியோல அவரு நல்லவர்னு சொன்ன. யாரோ உன்னப் புடிச்சுத் தேர்தல்ல நிக்க வச்சுட்டாங்க, பாவம், அது வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லாதுன்னு பேசிக்கிட்டோம். ஜெயிச்சுட்டா நீ தலைநகரத்துக்கு, பிஸ்மார்க்குக்குப் போகணும். அந்த அலைச்சல் உனக்கு எதுக்கு?"

"நான் வேணும்னுதான் நின்னேன், ஆர்டிஸ்."

"ஏண்டி, அந்த மனுஷன் என் வீட்டு வாசல்ல வந்து கேட்டுட்டுப் போனாரு. நீ ஞாயித்துக்கிழமை தவறாம என் பக்கத்துல நிக்கற. ஒரு வார்த்தை கேக்கலியே. வேணும்னா கேட்டிருப்பியே?"

அதில் குத்தல் இல்லை. தோழிக்கு நல்லது செய்துவிட்ட திருப்திதான் அவள் முகத்தில் இருந்தது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அதே கூட்டம்தான்.

நான் பேச வாயெடுத்தேன். மார்லிஸ் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அவள் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் காதுவரை ஏறியது. கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. துணியை மேடைமேல் வைத்தாள். ஈரக் கையை மேலங்கியிலேயே துடைத்துக்கொண்டாள். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"வாஹல் நல்லவர்தான்," என்றாள். "ஆனா உன் மரத்தைப் பாக்க அவர் வர மாட்டார். ஆளும் அனுப்ப மாட்டார். அந்த வேலை எனக்கு வேணும், ஆர்டிஸ். ரொம்ப வேணும். உன்கிட்டதான் மொதல்ல கேக்கறேன். எனக்கு ஓட்டுப் போடறியா?"