சீர்ப்பெட்டி மேல் உட்கார வேண்டியவன்

ஹாலித்துக்கு எல்லாம் வரும், உட்காரத்தான் வராது. துருக்கியின் சிவாஸ் நகரில் மினிபஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு தலைவிதி! பிட்டப் பிளவுக்கு மேலே முடி உள்ளே புதைந்து, சீழ் கட்டி, மூன்று வருஷமாகப் புரையோடிக் கிடந்தது. ஒருக்களித்துச் சாய்ந்தேதான் வண்டி ஓட்டுவான்.

இப்போது தங்கை நெவினுக்குக் கல்யாணம். அங்கே வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைக்க வரும்போது, அண்ணன்காரன் பெட்டியை எடுக்க விடாமல் சீர்ப்பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வான். அவர்களிடம் கை நிறையப் பணம் வாங்காமல் எழுந்தானோ, மானம் போச்சு. அப்பா இல்லாத வீடு. அவனை விட்டால் உட்கார ஆளில்லை.

"அவனா? அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டான். நாம சும்மா நின்னாலே போதும், தானா எழுந்திருப்பான்" என்று மாப்பிள்ளையின் மாமா ரஃபெட் டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஹாலித் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். கல்யாணத்துக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது.

"டாக்டரம்மா, எதைப் பண்ணினா சீக்கிரம் உட்காரலாம்?"

டாக்டர் சேஹெர் காகிதத்தில் படம் போட்டார். "வெட்டி எடுத்துட்டுத் திறந்தே விட்டா, அடியிலிருந்து தானா ஆறணும். ரெண்டு மாசம்கூட ஆகும்."

"ஐயோ, வேண்டாம்!"

"நடுவுல நேராத் தைச்சா சீக்கிரம் ஆறும். ஆனா தையல் அந்தப் பிளவுக்குள்ளேயே நிக்கும். பிரியலாம், திரும்பவும் வரலாம். சின்னத் துளை போட்டு எடுக்கறது சுலபம்தான். உன் புண்ணுக்கு அஞ்சு வாய் திறந்திருக்கு, சரிப்படாது."

"எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்கம்மாவும் சொல்லுவாங்க."

"பக்கத்துச் சதையைத் திருப்பிப் போட்டுக் குழியை மூடலாம். தழும்பு அசிங்கமா இருக்கும். ரெண்டு வாரம் உட்காரவே கூடாது, அப்புறம் மெதுவா உட்காரலாம். திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், வாய்ப்பு கம்மி."

"தழும்பை யாரு பாக்கப் போறா? அதையே பண்ணுங்க!"

இரண்டு வாரம் குப்புறக் கிடந்தான். நெவின்தான் சூப் ஊட்டினாள். "கவுந்து படுக்கிற குழந்தைகூட உன்னளவு அடம் பிடிக்காது" என்று திட்டிக்கொண்டே ஊட்டினாள்.

கல்யாண நாளன்று வாசலில் முரசு அதிர்ந்தது. ஹாலித் பெட்டி மேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ரஃபெட் கைகட்டி நின்றார். அஞ்சு நிமிஷம் போயிற்று, அரை மணி போயிற்று. முரசுக்காரன் ஓய்ந்துபோனான். ஹாலித் டீ கேட்டு வாங்கிக் குடித்தான்.

"டேய், நீ மனுஷனா, கல்லா?"

"கால் வலிச்சா நீங்களும் உட்காருங்க மாமா."

வீடே கொல்லென்று சிரித்தது. ரஃபெட் தோற்றுப்போய்க் கனத்த உறையொன்றை அவன் மடியில் போட்டார். ஹாலித் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னடா வேணும்?"

எழுந்தால் நெவின் போய்விடுவாள். முப்பத்தைந்து நாளும் உட்காருவதையே நினைத்திருந்தவன், எழுந்திருக்க வேண்டிவரும் என்பதை நினைக்கவே இல்லை. அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான்.

சிவப்பு முக்காட்டை விலக்கிக்கொண்டு நெவின் வந்தாள். "அண்ணா, டாக்டரம்மா உன்னை உட்காரத்தான் சொன்னாங்க. குடியிருக்கச் சொல்லலை."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவனுக்கு. "ரெண்டே நிமிஷம்டி."

"நகரு" என்றாள். கல்யாண உடையோடு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தோளில் சாய்ந்துகொண்டாள்.

"போச்சுடா, இப்ப ரெண்டு பேரா?" என்று ரஃபெட் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.