குரவைக்கு வந்த குட்டி

சாய்ந்தமருதுக் கடலுக்கு ஒரு தாய்த் திமிங்கலம் குட்டியோடு வந்தது. ஊர்ச் சனமெல்லாம் பெருநாளுக்கு உடுப்பதுபோல் உடுத்துக்கொண்டு தோணி ஏறிப் பார்க்கப் போனது, கண்ணுகளா. குட்டி மிரண்டு மணல்திட்டில் ஏறினால் செத்துப்போகும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து கட்டளை வந்தது: எந்தத் தோணியும் நூறு முழத்துக்குள் நெருங்கக் கூடாது.

காவலுக்கு மருதமுனை மசூரைப் போட்டார்கள். அவர் இடுப்பில் உடுக்கிற சாறன் நெய்கிறவர், முழக்கணக்கில் பிசகாத கண். நூறு முழமென்றால் இருபத்தைந்து சாறன் நீளம். கடல் அவருக்கு ஆகாது. ஆனாலும் முதல் நாளே குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு குட்டியின் நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தோணிகள் கட்டளையை மீறவில்லை. திமிங்கலம்தான் மீறியது. பெண்கள் அதைக் கண்ட சந்தோசத்தில் நாக்கைச் சுழற்றிக் குரவை போட, குட்டி முன்னுக்கும் தாய் பின்னுக்குமாகத் தோணியைத் தேடி வந்தன. தோணி பின்வாங்கினாலும் விடவில்லை. மசூர் கந்தோருக்கு எழுதிக் கேட்டார். குரவையை நிறுத்து என்று பதில் வந்தது.

"பெரிய சாமானக் கண்டா வாய் தானாத் திறக்கும் மகன், நாங்க என்ன செய்ற?" என்றார் பெண்களில் மூத்த சபியா உம்மா.

"வாய் நிறைய வெத்திலையப் போடுங்க உம்மா. கரைக்கு வருமட்டும் துப்பப்படாது."

பெண்களின் வாயைப் பார்த்துத் தோணியில் ஏற்றுகிற வேலை மசூரின் மனைவி பாத்தும்மாவுக்கு.

ஒரு காலை, ஒன்பது பெண்கள் மசூரோடு தோணியில் கன்னம் வீங்கப் பேசாமல் இருக்கையில், குட்டி தனியே திட்டில் ஏறிவிட்டது. கடல் வற்றும் நேரம். தாய் ஆழத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

"மசூர் காக்கா, கிட்டப் போவமா?" என்றார் தோணிக்காரர், காரைதீவு இளையதம்பி.

"நூறு முழம், இளையதம்பி."

"குட்டி செத்தாப் பிறகு உங்கட நூறு முழம் ஆருக்கு?"

மசூர் குட்டியைப் பார்த்தார். எழும்பி நின்றார்.

"கிட்ட விடுங்க! துப்புங்க உம்மா, எல்லாரும் துப்புங்க!"

கடல் சிவந்தது. பல நாள் அடக்கிய குரவை ஒன்றாக வெடித்தது. குட்டி வாலை அடித்து, உடம்பை நெளித்து, சறுக்கி இறங்கி வந்தது. தோணி ஆழத்துக்குத் திரும்ப, தாயும் குட்டியும் பின்னாலேயே வந்தன. ஐந்து சாறன் தூரம், இரண்டு சாறன், கடைசியில் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி அகலம். தாய் மூச்சு விட, மசூர் தொப்பியோடு நனைந்தார்.

கரைக்கு வந்ததும் ஒழுங்காக எழுதி அனுப்பினார்: "குற்றவாளி, மசூர். தூரம், ஒரு லேஞ்சி."

கந்தோரிலிருந்து பதில் வந்தது: காவலர் மசூர், குற்றவாளி மசூரின் வீட்டுக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

மசூர் வெள்ளைச் சட்டை போட்டு, எழுதுகிற கொப்பியை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மசூர் இரிக்காரா?"

பாத்தும்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"இல்லியே. குட்டி சுகமா இரிக்கா எண்டு பாக்கக் கடலுக்குப் போயிட்டார்."

மசூர் அதை அப்படியே எழுதிக்கொண்டு கடலுக்குப் போனார்.