ஒன்றேகால் கிலோ ஆறுதல்

கண்டக்டரம்மாவின் மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று பரிசோதனைத் தாள் வந்த செவ்வாய்க்கிழமை மாலை, அவள் வீட்டுக் கூடத்தில் மேலேயிருந்து ஒரு கல் விழுந்தது. எடை ஒன்றேகால் கிலோ. கூரையில் ஓட்டை இல்லை. ஒரு ஓடுகூட விலகவில்லை. "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்" என்று கணவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அது அவள் காலடியில் இறங்கித் தரையைப் பிளந்தது. சில்லு தெறித்து அவள் கெண்டைக்கால் கிழிந்தது. "எனக்கென்ன, நான் தைரியமாத்தான் இருக்கேன்" என்று அவள் பதில் சொன்னாள். இரண்டாவது கல் அவர் தோளில் விழுந்தது.

கணவர் லாரிகளை ஏற்றி எடை போடும் எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை. விழுந்த கற்களை ஒவ்வொன்றாகக் கோணியில் கட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மூலையில் இருந்த சின்னத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினார். ஒரு மாதத்தில் விஷயம் புரிந்தது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் ஆறுதல் சொன்னால் கல் வரும். யாரிடம் சொல்லப்பட்டதோ அவரைக் குறிவைத்து வரும். அவருடைய "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" இரண்டு கிலோ. அவளுடைய "வலியே இல்லீங்க" மூன்று கிலோ. அது அவருடைய இடது கைச் சுண்டுவிரலை நசுக்கியது. அறுவை சிகிச்சை முடிந்து வந்த அன்று, "என் கண்ணுக்கு நீ எப்பவும் போலத்தான் இருக்கே" என்று அவர் சொன்னதற்கு வந்த கல் கட்டிலின் இரண்டு காலை முறித்துவிட்டது. நலம் விசாரிக்க வந்த நாத்தனார், "உன்னப் பாத்தா வியாதிக்காரின்னு யாரு சொல்லுவா" என்றாள். கண்டக்டரம்மா பதினாறு வருடம் பஸ்ஸில் நின்று சடன் பிரேக்குக்குப் பழகியவள், சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டாள். கல் நாத்தனாரின் முழங்காலைப் பெயர்த்தது. அதன்பிறகு உறவுக்காரர்கள் போன் செய்வதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது முறை மருந்து ஏற்றியபின் அவளுடைய வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கின. டாக்டர் கணவரைத் தனியே கூப்பிட்டு, "இப்ப அவங்களுக்கு ஒரு வெட்டுக்காயம் பட்டாக்கூடப் போதும், கிருமி ஏறிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. இன்னும் நாலு தடவை மருந்து பாக்கி இருக்கு" என்றார். ஆக, நோய் கொல்லுவதற்கு முன்னால் கல் கொன்றுவிடும்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மொட்டைத் தலையோடு எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் எந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கும்? அவர் தொழில் புத்தியைக் காட்டினார். பாரம் அதிகமான லாரியை எடைமேடையில் என்ன செய்வார்கள்? சரக்கைப் பிரித்து நாலு நடையாக அனுப்புவார்கள். அதேபோல் பெரிய ஆறுதலைப் பொடிப்பொடியாகப் பிரித்தார். "இன்னிக்கு மூஞ்சி தெளிவா இருக்கு." "முடி சீக்கிரம் வளந்துடும்." "டாக்டர் சிரிச்சாரு, கவனிச்சியா?" ஒரு நாளைக்கு இருபது, முப்பது. மூன்று நாள் ஒன்றும் விழவில்லை; தன் கெட்டிக்காரத்தனத்தை அவரே மெச்சிக்கொண்டார். நாலாம் நாள் காலை, டிப்பர் லாரி கொட்டுகிற மாதிரி சேர்த்துவைத்த ஜல்லி மொத்தமும் கூடத்தில் கொட்டியது. ஜன்னல் கண்ணாடி, நிலைக்கண்ணாடி, டிவி எல்லாம் தூள். அவர் அவள்மேல் கவிழ்ந்து படுத்தும் ஒரு கல் புகுந்து அவள் நெற்றியைப் பிளந்தது. பதினொரு தையல். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து, பத்தாம் நாள் கண் திறந்து அவள் கேட்ட முதல் கேள்வி: "யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

செவிலி ஒருத்தி அவர்களை ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்கு அனுப்பினாள். நோயாளிகளோடும் அவர்கள் துணையோடும் பேசுவதற்கென்று அங்கே ஓர் ஆலோசகி இருந்தாள். விட்டத்துக்குக் கீழே இரும்புத் தகடு அடித்திருந்தது; அது முழுக்க நசுங்கியிருந்தது. "உக்காருங்க. இங்க கல்லு ஒண்ணும் புதுசில்ல" என்று ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தாள். அவர் நோட்டை நீட்டினார். அவள் அதை மூடி வைத்தாள்.

"எடை போட்டது போதும் சார். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"இவ நல்லாகணும், அவ்வளவுதாங்க."

தகடு இடி மாதிரி அதிர்ந்தது. ஆலோசகி காதைத் தேய்த்துக்கொண்டு, "அதுக்கு அடியில?" என்றாள்.

முதலில் வெடித்தது கண்டக்டரம்மாதான். "நான் போனப்புறமும் நீ காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்குவ. வேலைக்குப் போவ. அத நெனச்சா உன் கழுத்த நெரிக்கணும்போல இருக்குய்யா."

"நெரி! எட்டு மாசம் அந்தக் கட்டியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல இல்ல நீ?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? தராசத் தூக்கிட்டு வந்திருப்ப!"

அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்; கழுத்தில் நகம் நாலு கோடு இழுத்தது. அவர் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது உடைந்ததும் இன்னொன்றை எடுத்தார். "உன் தழும்பப் பாத்தா எனக்கு பயமா இருக்குடி" என்று கத்திவிட்டு, சுவரில் முட்டிமுட்டித் தன் மூக்கை உடைத்துக்கொண்டார். ஆலோசகி மேஜையை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு கல்கூட விழவில்லை.

"வீட்லயும் தினம் ஒரு மணி நேரம் இதையே பண்ணுங்க. ஒரே நிபந்தனை, அவங்க மேல கீறல் படக்கூடாது. உங்க மேல படலாம்" என்று சொல்லி, அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள்.

அப்படியே நடந்தது. தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அந்த வீட்டில் தட்டு உடைந்தது, கதவு பெயர்ந்தது, கேட்கச் சகிக்காத வார்த்தைகள் தெருமுனைவரை கேட்டன. அண்டை வீட்டார் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கணவர் உதடு கிழிந்து, கண் வீங்கி வேலைக்குப் போனார்; லாரிக்காரர்கள், "அம்மாவுக்கு இப்ப பரவால்லபோல இருக்கே!" என்று சந்தோஷப்பட்டார்கள்.

கடைசி முறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, கையில் ஊசியோடு அவள் கேட்டாள்: "நான் செத்துட்டா இன்னொருத்தியக் கட்டிப்பியா?"

'சீ, என்ன பேச்சு இது' என்பது அவர் நுனி நாக்குவரை வந்துவிட்டது. அது குறைந்தது ஐந்து கிலோ தேறும் என்று அவருக்குத் தெரியும். அவள் தலை தலையணையில் அசையாமல் இருந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு, "கட்டிப்பேன்னுதான் நெனக்கிறேன். தனியா இருக்க எனக்குத் தெரியாது" என்றார்.

அவள் அவர் கையை இழுத்து, கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பல் இறங்கக் கடித்தாள். விடவில்லை. அவரும் இழுக்கவில்லை. இருவர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. ரத்தம் விரிப்பில் சொட்டித் தரைக்கு வந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

துடைப்பமும் முறமுமாக வந்த துப்புரவுக்காரம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "இங்க கல்லு ஏதாவது இருக்காம்மா?"

கண்டக்டரம்மா வாயை எடுத்து, உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல, ரத்தம்தான்."

"அதுக்கு ஈரத்துணி போதும்" என்று அவள் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.