சீதேவி மிஸ்ஸியின் பற்றரிச் சைக்கிள்

மருத்துவிச்சி சீதேவிப்பிள்ளை தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து உசனாரின் சைக்கிள் திருத்தும் கடை வாசலில் நிறுத்தியபோது, அதை விற்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. செயின் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்தான். அவர் இடது காலை இழுத்து நடப்பதை அப்போதுதான் கண்டான்.

“மாரியில வரம்பால விழுந்திட்டன் உசனார். முழங்கால் எலும்பு கோணலாப் பொருந்திற்றுது. இனி மிதிக்க ஏலாது. இத நீங்களே எடுங்க.”

“அப்ப வேலை, மிஸ்ஸி?”

“விடப்போறன். மண்டூரில இருந்து வெல்லாவெளி மட்டுக்கும் மருத்துவிச்சி நான் ஒருத்திதான். நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். போன மாசம் அப்பிடித்தான் ஒரு பிள்ளை…”

இரண்டு வருடத்துக்கு முன்பு மிஸ்ஸி இங்கே காத்தான்குடிப் பக்கம் வேலை பார்த்தார். உசனாரின் மனைவி நஸீறாவுக்கு முதற் பிரசவம். பிள்ளை கால் முன்னால் வந்தது. வீட்டுப் பெண்கள் ஓதத் தொடங்கிவிட்டார்கள். காலையில் வந்த மிஸ்ஸி பிற்பகல் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பாயில் முழங்காலில் நின்றே தாயையும் பிள்ளையையும் மீட்டார். அந்தப் பிள்ளை றபீக்கா இப்போது கடைக்குள் சைக்கிள் மணிகளை அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க ஊன்றி நின்ற அதே முழங்கால்தான் இது என்று உசனார் நினைத்துக்கொண்டான்.

“பத்து நாள் தாங்க மிஸ்ஸி. மிதிக்காம ஓடுற மாதிரிச் செஞ்சு தாறன்” என்றான். எப்படிச் செய்வது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

நஸீறா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஹலீம், வாவிக்கு அக்கரையில் மண்டூர்த் துறைக்குப் பக்கத்து அரிசி ஆலையில் எஞ்சின் பார்ப்பவன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், விஷயத்தைக் கேட்டதும் எங்கேயோ போய், தண்ணீர் இறைக்கும் சின்ன பெற்றோல் எஞ்சின் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். இரண்டு பேரும் நான்கு நாள் பாடுபட்டு அதைச் சைக்கிளில் பூட்டினார்கள். ஹலீம் தள்ளிக்கொண்டே ஓடி ஏறினான். எஞ்சின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. ஆரையம்பதி வரை போய், வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்துக்குள் திரும்பினான். தெருவே கூடி நின்று பார்த்தது.

“குதிர, மச்சான்! குதிர!” என்றான் ஹலீம்.

நஸீறா வேலிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். “காக்கா, இது தள்ளி ஓடினாத்தானே பிடிக்குது? மிஸ்ஸிக்கு ஓட ஏலுமா?”

ஹலீம் எஞ்சினை நிறுத்தினான். நஸீறா விடவில்லை.

“அந்தக் குழாய் கொதிக்குது. சீல பட்டா என்ன ஆகும்? வெள்ளக்காரன்ட யுத்தம் முடியுமட்டும் பெற்றோலுக்குக் கூப்பன் வேற. உங்கட கைய மணந்து பாருங்க. பச்சப் பிள்ளையத் தூக்குற கை அவவுக்கு. லொறிப் பற்றரி ஒண்டால ஓட்ட ஏலாதா?”

“அப்ப பற்றரியா? அது கருங்கல்லுப் பாரம். வழியில செத்தா என்ன செய்வ? பெற்றோல் எண்டா ஒரு போத்தில் கொண்டு போனாக் காணும்.”

“அவ ஒத்தக் காலோட புறப்படவாவது வேணாமா காக்கா?”

ஹலீம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான். ஆனால் மறுநாள் காலையிலேயே, உடைந்த லொறி ஒன்றின் டைனமோவையும் பற்றரியையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். “டைனமோவுக்குக் கரண்டக் குடுத்தா இதுவே சுத்தும். மோட்டார்தான். ஆலையில நான் சார்ஜ் ஏத்திக் குடுக்கன்” என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.

பின்சில்லுக்கு மேல் டைனமோவும் கம்பிகளுக்கு நடுவே பற்றரியுமாக அந்தச் சைக்கிள் ஓடம் ஏறி மண்டூருக்குப் போனது. விசையைத் தட்டினால் போதும். ஆள் நடக்கிற வேகத்துக்கு இரண்டு மடங்கில் போகும். மூன்று வாரத்தில் ஐந்து பிள்ளைகள் பிறந்ததாகச் செய்தி வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு வயல் வாடிக் குடிசையிலிருந்து அருமைநாயகம் என்பவர் மிஸ்ஸியிடம் ஓடி வந்தார். மனைவி இலட்சுமிப்பிள்ளைக்கு வலி. முதல்நாள் ஓடிய பற்றரி ஆலையில் பாதிதான் நிறைந்திருந்தது. இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடக்கட்டும் என்று ஹலீம் சொன்னதை மிஸ்ஸி கேட்கவில்லை. வெல்லாவெளி தாண்டியதும் சைக்கிள் தளர்ந்து, முனகி, நடு வயல் வட்டையில் நின்றுவிட்டது. அவர் நல்ல காலால் மட்டும் மிதித்துப் பார்த்தார். விழுந்தார். எழும்பினார்.

களத்தில் மாடு கட்டி நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கண்டார்கள். நான்கு பேர் மாடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். “மிஸ்ஸி, நீங்க ஏறி ஹாண்டிலப் பிடிச்சாக் காணும்” என்றார் ஒருவர். ஒன்றரை மைல்கட்டை தூரம், வெறுங்காலோடு, வண்டித் தடத்தில் தள்ளிக்கொண்டே ஓடினார்கள். கொடி சுற்றி நீலம் பாய்ந்து பிறந்தது பிள்ளை. மிஸ்ஸி ஊதி ஊதி அதற்கு மூச்சுக் கொடுத்தார். பிறகு அது அழுதது.

வெள்ளிக்கிழமை ஹலீம் வந்துதான் இதைச் சொன்னான். “பெற்றோல் எண்டா நிண்டிருக்காது மச்சான்.”

அது உண்மைதான். மறுநாள் உசனார் ஏறாவூருக்குப் போய் ஒரு லொறிக்காரரிடம் இரண்டாவது பற்றரி கேட்டான். யாருக்கு என்று சொன்னதும், “தூக்கிட்டுப் போங்க தம்பி. எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள” என்றார் அவர். ஆலையில் அதை நிறைத்து, ஒரு பகல் கழித்துத் தலையில் வைத்துக்கொண்டு மிஸ்ஸியின் வீட்டுப் படலையைத் திறந்தான்.

“மிஸ்ஸி, மன்னிச்சிருங்க. நடு வழியில விட்டிட்டுது. இனி ஒண்டு ஓடும், மற்றது ஆலையில சார்ஜ் ஏறும்” என்றான்.

சீதேவிப்பிள்ளை கத்தரிக்கோலைக் கொதிநீரிலிருந்து எடுத்துத் துணியில் வைத்தார். “என்ன கதைக்கிறீங்க உசனார்? நீங்க அண்டைக்கு இதக் காசுக்கு எடுத்திருந்தா, திங்கக்கிழமை நான் எங்க இருந்திருப்பன்? இந்த அடுப்படியில. அரைவாசி வழி எண்டாலும் அது என்னக் கொண்டு போச்சு. மிச்ச வழிக்குச் சனம் வந்திச்சு.” பிறகு, “றபீக்கா கதைக்கிறாளா?” என்று கேட்டார்.

“கதைக்கிறாள் மிஸ்ஸி” என்றான் உசனார். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று உள்ளுக்குள் சொன்னான்.

பற்றரியை மாற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் படலையில் வந்து நின்று, “மிஸ்ஸி, அக்காவுக்கு…” என்றாள். மிஸ்ஸி பையை மாட்டிக்கொண்டு ஏறினார். உசனார் பின்னால் தெருவுக்கு வந்து பார்த்தான். அறுவடை முடிந்த வட்டையில் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். வரம்போரம் நூறு கொக்குகள் நின்றன. மிஸ்ஸியின் வெள்ளைச் சீலை அவற்றின் நடுவே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கிட்டத்தில் நின்ற ஒரு கொக்கு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீரைக் கொத்தியது. ஒன்றுகூட எழும்பிப் பறக்கவில்லை.