கூட ஒரு கரண்டி

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அமெரிக்காவின் ஐயோவாவில், தேவாலய விருந்து வரிசையில். என் தட்டில் இரண்டாம் முறையாக உருளைக்கிழங்கைக் குவித்தபடி, பன்றி வளர்க்கும் லாவோன் ட்யாடன் தன் பன்றிக்குட்டியைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினாள். (போதும் என்றேன். அந்த ஊரில் அந்தச் சொல் யார் காதிலும் விழாது.) முடிவைச் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பிறகு கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி பொழிந்த அந்தக் காலையில், காது கிழிந்த சின்னக் குட்டி…' வேண்டாம். கொட்டகைக்குள் ஏது பனி? வெப்ப விளக்கும் கழிச்சல் நாற்றமும்தான்.

பால்குடி மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. கால்நடை மருத்துவர் நல்ல பாக்டீரியாப் பொடி கொடுத்தார். கொட்டகையில் ஒவ்வோர் அடைப்புக்கும் தீவனத்தில் ஒரு கரண்டி, குவிக்காமல் தலை தட்டி. காது கிழிந்த குட்டி இருந்த அடைப்புக்கு மட்டும் லாவோன் குவித்து மூன்று போட்டாள். மற்ற அடைப்புகள் தேறின. அவள் செல்லம் படுத்துவிட்டது.

3
"எத்தன கரண்டிடி போட்ட?" என்றான் கணவன் டுவேன்.

"நோஞ்சான்யா அது. கொஞ்சம் கூட…"

"கொஞ்சமா? டப்பாவுல பாதியக் காணோம்! சர்ச் விருந்துன்னு நெனச்சியா?"

"நல்லதுதானே போட்டேன்? நல்லது கூடுனா என்னய்யா கெட்டுப்போகும்?"

தொலைபேசியில் மருத்துவர் அதட்டவில்லை. "குடலுக்குன்னு ஒரு காவல் இருக்கும்மா. இந்தப் பொடி அத லேசா உசுப்பிவிட்டாப் போதும். ஓயாம உசுப்புனா, நெசமாவே கிருமி வர்றப்ப அது தடுமாறிடும்னு தோணுது. பொடிய நிறுத்துங்க. உப்புச்சர்க்கரைத் தண்ணி மட்டும் வைங்க."

(முதல் வரைவில் டுவேன் கல்நெஞ்சக்காரன். அடித்துவிட்டேன். திட்டிக்கொண்டே போய், குட்டிக்குச் சூடு படும்படி விளக்கைத் தாழ்த்திக் கட்டியவன் அவன்தான்.)

4
முடிவு ஒன்று: குட்டி துள்ளி எழுகிறது, லாவோன் விரலைச் சப்புகிறது, டுவேன் அழுகிறான், கொட்டகையே… படித்துப் பார்த்தேன். அவள்மேல் உள்ள பாசத்தில் நானும் மூன்று கரண்டி குவித்திருக்கிறேன்.

முடிவு இரண்டு: குட்டி அன்று மாலை

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். விடிந்திருக்கிறது. லாவோன் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பசித்த எதன் முன்னாலும் அவள் இப்படிச் சும்மா நின்றதில்லை. குட்டி தலையைத் தூக்கிக் கிண்ணத்தைப் பார்க்கிறது.

"வாடா ராசா," என்கிறாள். கையை நீட்டவில்லை.

கதையின் மிச்சத்தை நீங்கள் கொடுங்கள். தலை தட்டிக் கொடுங்கள்.