பதினேழாம் போர்ட்

ரஞ்சிதத்துக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஞானசேகரன்தான். தங்கவயலில் சுரங்கத்தை மூடிய வருஷம் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியேறியதும், தான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியின் ஹெல்ப் டெஸ்கில் ஆள் தேவையென்று கேள்விப்பட்டு, மேனேஜர் மஞ்சுநாத்திடம் அவனே போய்ச் சொன்னான். வெளியார் சர்வர்களை வைத்துப் பராமரிக்கும் கம்பெனி அது. ஆரம்பத்தில் ரஞ்சிதம் எதற்கும் அவனிடம்தான் வந்து நிற்பாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பிங் போட்டு சர்வரைக் கூப்பிட்டால் ஏன் பதில் வரவில்லை, ரௌட்டர் என்ன செய்கிறது என்று காதருகே கேட்டுக்கொண்டே வருவாள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

பிறகு மஞ்சுநாத் சர்வர் கண்காணிப்பை அவளிடம் கொடுத்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மென்பொருள். எந்த சர்வரைக் கவனிப்பது, எத்தனை தடவை பதில் வராவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதையெல்லாம் ஃபைல்களில் வரிவரியாக எழுத வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கிளம்பாது. ரஞ்சிதம் அதோடு மல்லுக்கட்டி, பழைய செல்போன் ஒன்றைக் கேபிளில் மாட்டி, சர்வர் விழுந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கு எஸ்.எம்.எஸ். போகும்படி செய்துவிட்டாள். வாடிக்கையாளர் போன் செய்து கத்துவதற்கு முன்பே கோளாறு சரியாகிவிட்டது. மஞ்சுநாத் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அவள் திரையைக் காட்டினார்.

ஞானசேகரனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் லிஃப்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், "நீங்க ரஞ்சிதம் மேடம் ஹஸ்பண்டுதானே?" என்றான். ஆறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கேபிளையும் இழுத்தவன் ஞானசேகரன். சிரித்து வைத்தான். அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் அவள் எதுவும் கேட்காமல் வருவதைக் கவனித்தான். அவள் கேள்வி கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று அவனுக்கே ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம் எல்லாமே உறுத்தியது. அவள் சீட்டைச் சுற்றி ஆட்கள் நின்றால் உறுத்தியது. ஹெல்ப் டெஸ்க் தினேஷ் அவளுக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தால் உறுத்தியது. தினேஷ் எல்லோருக்கும்தான் கொண்டுவருவான், ஞானசேகரனுக்கும் சேர்த்து.

ஜூனில் அவளுக்கு வேகமான புது மெஷின் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பாகும். பத்துப் பதினைந்து சர்வர் விழுந்துவிட்டதாக எல்லோர் செல்போனும் அலறும். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் எல்லா சர்வரும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே பச்சைக்குத் திரும்பும். இரண்டு வாரத்தில் பாதிப் பேர் போனைச் சைலண்டில் போட்டுவிட்டார்கள்.

"மேடம் சாஃப்ட்வேர் புலி வருதுன்னு சொல்லிக்கினே இருக்கு," என்றான் ஒருவன். ஞானசேகரனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு உள்ளே இனித்தது.

ரஞ்சிதம் செய்யாத மாற்றமில்லை. ஒரு தடவைக்குப் பதில் நாலு தடவை பார்த்துவிட்டு அலர்ட் கொடு என்று எழுதினாள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள். வீட்டில் குக்கர் விசிலடிக்க, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஒரு திங்கட்கிழமை நிமிர்ந்து கேட்டாள்.

"ஏங்க, ஒருவேளை உங்க ஸ்விட்ச் பக்கம் ஏதாவது இருக்குமா?"

"என் ஸ்விட்ச் ஆறு வருஷமா ஓடுது. நீ வந்து தொடாத வரைக்கும் ஒண்ணும் ஆகல."

"தப்பா கேக்கல. ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

மறுநாள் பார்த்தான், தன் பக்கம் சுத்தம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதற்காகவே பார்த்தான். எல்லா கம்ப்யூட்டர்களின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச், அதில் அவளுடைய மெஷினின் கேபிள் பதினேழாம் போர்ட்டில், பதினேழாவது துளையில் செருகியிருந்தது. அதில் பிழைக் கணக்கு அவன் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்விட்சும் கம்ப்யூட்டரும் எப்படிப் பேசிக்கொள்வதென்று அவையே முடிவு செய்துகொள்ள விட்டுவிடலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் கையால் எழுதி வைக்க வேண்டும். அந்தப் போர்ட்டில் முன்பிருந்த பழைய மெஷினுக்காக அவன் கையால் எழுதி வைத்திருந்தான், புது மெஷினோ தானாக முடிவு செய்யும் வகை. ஸ்விட்ச் ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் செய்தது. மெஷின் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டுமென்று நினைத்தது. போக்குவரத்து குறைவாக இருக்கும்வரை தெரியாது. மத்தியானம் எல்லா சர்வரின் பதிவுகளும் அவள் மெஷினுக்கு வந்து குவியும்போது பேச்சு மோதி, பதில்கள் காணாமல் போயின. சர்வர்கள் விழவேயில்லை, அவள் மெஷினுக்குத்தான் காது அடைத்துப் போயிருந்தது.

ஒரே ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். விசைப்பலகையில் கை வைத்தான். கண்டுபிடித்தது யாரென்று எவனும் கேட்க மாட்டான், மறுபடியும் அவள் திரையை ஊருக்குக் காட்டுவார்கள் என்று தோன்றியது. எதையும் மாற்றாமல் திரையில் அதை மூடிவிட்டு டீ குடிக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மஞ்சுநாத் நேராகவே கேட்டார். "ஞானா, நெட்வொர்க் பக்கம் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார். க்ளியர்."

ரஞ்சிதம் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தன் தாளில் எதையோ அடித்தாள்.

"அப்போ எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்திடும்மா," என்றார் மஞ்சுநாத். "இதைச் சரி பண்ற வரைக்கும் திரையில மட்டும் வரட்டும்."

அந்த வார இறுதியில் ஒரு வாடிக்கையாளரின் மெயில் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. திரையில் சிவப்பு வந்தது, பார்க்க ஆளில்லை. திங்கட்கிழமை காலை வரை அவர்களுக்கு ஒரு மெயில் போகவில்லை, வரவில்லை. மஞ்சுநாத் மேலே போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ரஞ்சிதத்தைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஹெல்ப் டெஸ்கையே பார், கண்காணிப்புக்கு வேறு ஏற்பாடு யோசிக்கலாம் என்றார். அவள் தன் தாள்களை எடுத்துக்கொண்டு ஹெல்ப் டெஸ்குக்குப் போனாள்.

சாப்பாட்டு அறைக்கு வெளியே ஞானசேகரன் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே தினேஷின் குரல் கேட்டது.

"மேடம், எனக்கென்னமோ நெட்வொர்க்லதான் சந்தேகம்."

"இல்ல தினேஷ், அவர் பாத்துட்டார். அவர் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் எங்கியோ தப்பா எழுதி வச்சிருக்கேன்."

டம்ளர் நிரம்பித் தண்ணீர் அவன் சட்டைக் கைக்குள் இறங்கியது. சீட்டுக்குப் போய் அந்த ஒரு வரியை மாற்றினான். பிழைக் கணக்கு ஏறுவது நின்றது. யாருக்கும் தெரியப்போவதில்லை, அவள் ஏதோ சரி செய்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். போகட்டும், பாராட்டும் அவளுக்கே போகட்டும் என்று நினைத்தபோது தன்னைப் பெரிய மனுஷனாகவும் கொஞ்சம் உணர்ந்தான்.

அந்த வாரம் மத்தியானங்களில் திரை பச்சையாகவே இருந்தது. அடுத்த மீட்டிங்கில் மஞ்சுநாத் சந்தோஷமாகக் கேட்டார். "நோடி, பாத்தியா, சரியா போச்சு. என்னம்மா மாத்தினே?"

"நான் எதையும் மாத்தல சார்," என்றாள் ரஞ்சிதம். "காரணம் தெரியாம சரியானா மறுபடியும் வரும். அதான் பயமா இருக்கு."

"நீ மாத்தலன்னா?" மஞ்சுநாத் மேசையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஞானசேகரனிடம் வந்து நின்றது.

"போர்ட் செட்டிங் ஒண்ணு ஒத்துப்போகாம இருந்துது சார்," என்றான். "மாத்திட்டேன்."

"அட, சொல்லவே இல்லையே. அனுபவம்னா இதுதான். எல்லாரும் பாத்துக்கங்க." மஞ்சுநாத் அவன் தோளைத் தட்டினார். தினேஷ் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். இத்தனை மாதமாக அவன் எதற்கு ஏங்கினானோ அது மேசை முழுக்க நிறைந்திருந்தது. ரஞ்சிதம் மட்டும் தட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் கேட்டாள். "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

இந்தத் திங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நீ பாக்கச் சொன்னியே, அதுக்கு மறுநாள்."

"வெள்ளிக்கிழமை க்ளியர்னு சொன்னீங்களே."

"ஆமா."

"ஏன்?"

லிஃப்டில் ஒருவன் கேட்டது, தினேஷின் டீ, அவள் கேள்வி கேட்பதை நிறுத்தியது எல்லாம் வரிசையாக வந்தன. எதையும் வெளியே சொல்ல முடியாத அளவுக்கு அற்பமாக இருந்தன. "எல்லாரும் உன்னையே சொல்றாங்க, ரஞ்சி," என்றான் கடைசியில்.

"எனக்கு நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். அவன் வண்டியைக் கிளப்பாமல் நின்றான். அவள் ஏறிய பஸ் நகர்ந்த பிறகுதான் உதைத்தான்.

கண்காணிப்பு வேலை மறுபடியும் அவளுக்கே வந்தது. முதல் காரியமாக, ஸ்விட்சுகளை மாற்ற முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற பாஸ்வேர்டை மஞ்சுநாத் மூலமாகக் கேட்டு வாங்கினாள். கொடுக்கும்போது ஞானசேகரன், "என்னைக் கேட்டிருந்தா நானே பாத்துச் சொல்லியிருப்பேனே," என்றான்.

"இனிமே உங்களைக் கேக்க வேண்டியிருக்காது," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஒரு மாதம் கழித்து அவள் சீட்டைக் கடந்து போனான். ஒவ்வொரு போர்ட்டின் பிழைக் கணக்கும் அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று தினேஷுக்குக் கையாட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். அவனைவிடத் தெளிவாகவே விளக்கினாள். அதே உறுத்தல் மறுபடியும் எழுந்தது. நின்று கேட்க ஆசையாகவும் இருந்தது. நிற்காமல் போனான்.