சத்து மாத்திரை

மாமனார் அல்போன்ஸுக்கு வந்தது நடுக்குவாதம். வருடக்கணக்கில் அவரைப் பார்த்துக்கொண்டது வியாகுலம்மாள். கஞ்சி ஊட்டினால் பாதி சட்டையில், மீதி தரையில். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். சுனாமி வந்த அன்று அவரை முதுகில் சுமந்து மேட்டுக்கு ஓடியவளும் அவள்தான். அவர் பெற்ற மற்றப் பிள்ளைகள் நான்கு பேரும் அடக்கத்துக்குத் தவறாமல் வந்தார்கள்; அழுகைக்கும் குறைவில்லை. இவளுக்கு அழுகை வரவில்லை. இனி இன்னொரு ஆளுக்கு இந்தப் பாடு படத் தன்னால் ஆகாது என்று கல்லறைத் தோட்டத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

அன்றிலிருந்து கணவன் ததேயுஸின் கையையே கவனித்தாள். தூண்டிலில் இரை கோக்கும்போது பார்ப்பாள், சாயா குடிக்கும்போது பார்ப்பாள். கை ஆடவில்லை. வினை காலில் வந்தது. பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் மனிதர் அலறினார். கருங்கல் ஊர் டாக்டர், ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடுதல், இது கௌட் என்று சொல்லி, தினமும் ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். சாளையும் நெத்திலியும் கள்ளும் ஆகாதாம். கடலுக்குப் போகிறவனிடம் சாளை ஆகாது என்றால் அவன் வேறு எதைத்தான் தின்பான்?

குவைத்தில் நர்ஸாக இருந்த மகள் ரெஜிஷா, அம்மாவைத் தேற்ற போனில் ஒரு விஷயம் சொன்னாள்.

"கௌட் உள்ளவங்களுக்கு தாத்தாவுக்கு வந்த விறையல் கொறவாத்தான் வருமாம் அம்மா. யூரிக் ஆசிட் மூளைக்குக் காவலா இருக்கும்போலன்னு ஆராய்ச்சியில சொல்லுதாவ."

"அப்பம் அப்பாவுக்கு வராதா?"

"வராதுன்னு ஆரு சொன்னா? கொறவுன்னுதான் சொல்லுதாவ. மாத்திரைய நிப்பாட்டிராதீங்க, கேட்டீங்களா?"

முதலில் சொன்னதை வியாகுலம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் சொன்னதை மறு காது வழியாக விட்டுவிட்டாள்.

ததேயுஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி கையில் வைப்பதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். அவளுடைய இடுப்பு வலிக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையும் வெள்ளைதான். அன்றிலிருந்து அவருக்கு அதுதான். கௌட் மாத்திரை அடுப்பில் விழுந்தது. கறிக்கென்று வள்ளத்தில் கிடைக்கும் சாளையை டாக்டர் சொன்னபிறகு அண்டை வீட்டுக்குக் கொடுத்து வந்தவள், இப்போது வற்றவைத்து அவர் தட்டிலேயே வைத்தாள்.

"டாக்டர் ஆகாதுன்னாரே?"

"அவருக்கு என்ன தெரியும்? தின்னுங்க."

மனிதர் சந்தோஷமாகத் தின்றார். பிறகு வலியில் அழுதார். "ஏட்டி, மாத்திர தின்னுதேன், வலி நிக்கல்லியே." அவள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கையைப் பார்ப்பாள். கை ஆடவில்லை. அதுபோதும் அவளுக்கு. கால்வலியெல்லாம் ஒரு வலியா?

வருடம் போகப் போக விரல் மூட்டுகளில் கட்டி கட்டியாகத் திரண்டது. கணுக்காலும் முழங்காலும் பிடித்துக்கொண்டன. வள்ளம் தள்ளக் கால் ஊன்ற முடியாதவரை யார் ஏற்றுவார்கள்? அவர் இடத்தில் வேறொருவன் கடலுக்குப் போனான். மாத்திரையை ஒழுங்காகத் தின்றால் இப்படி ஆகுமா என்று டாக்டர் கத்தினார்.

"ஒரு நாளும் முடக்கினதில்ல டாக்டரே. இவதான் எடுத்துத் தருவா, வேணும்னா கேளுங்க," என்றார் ததேயுஸ்.

வியாகுலம்மாள் தலையாட்டினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மறுநாள் சத்து மாத்திரையைத்தான் கொடுத்தாள்.

ஒரு மதியம், மீனை அறுத்துவிட்டுக் கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் கிடந்த ததேயுஸ் அவளையே பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்க கையப் பாரு."

பார்த்தாள். இடதுகைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் அதை அமுக்கிப் பிடித்தாள். விட்டதும் மறுபடியும் தொடங்கியது. இதைச் சொல்ல அவளுக்கு டாக்டர் தேவையில்லை. அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் இது வந்ததில்லை. தன் கையைப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ததேயுஸின் கண் கலங்கியது. "பயராத. எங்க அப்பாவ நீ பாத்தல்லா? ஒன்ன நான் பாக்கேன். கஞ்சி நான் ஊட்டுவேன்."

சொல்லிக்கொண்டே எழுந்து அவளிடம் வரப் பார்த்தார். பாதம் தரையில் பட்டதும் அலறிக்கொண்டு கட்டிலில் விழுந்தார். மூச்சு வாங்கியபின் கையை நீட்டினார்.

"இன்னைக்குள்ள மாத்திரைய எடுத்துத் தா ஏட்டி. தின்னுட்டு எழும்புதேன்."